இருட்டு வரிசையின் நான்காவது எலி

அத்தியாயம் பன்னிரண்டு

அன்று திங்கட்கிழமை. குருவி சாப்பிடாமல் கிளம்பினாள்.

குருவி என் மகள். சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் முப்பத்திரண்டு வயதிலும் விடவில்லை. மறதி நோயில் மூளைக்குள் படியும் கட்டிகளை வெளிச்சத்தால் உடைக்க முடியுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தாள். அதே நிலையத்தின் எலி வீட்டில் எனக்கும் ஒரு வேலை. கூண்டு கழுவ வேண்டும், மரத்தூள் மாற்ற வேண்டும், தண்ணீர்ப் புட்டி நிரப்ப வேண்டும். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அதை வாங்கித் தந்ததும் குருவிதான்.

என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கல்யாணமான புதிதில் கேலிக்காக நானும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, பிறகு அதுவே பழகிவிட்டது. அப்போது நான்கு வருஷமாக அவளுக்கு அல்சைமர். இதெல்லாம் வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். எலிகளின் சோதனை முடிந்து, எந்த எலிக்கு வெளிச்சம் பட்டது என்ற பட்டியல் இருந்த உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குருவி யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போம்மா."

"வேண்டாம்பா. இறங்காது."

சிஸ்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டியை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். கட்டுத் துணி மடிக்கிற மாதிரி, ஓரம் ஓரத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பிரித்து மறுபடி மடித்தாள்.

"இந்தப் பொண்ணு டியூட்டி முடிஞ்சு போகுதா?" என்று என்னைக் கேட்டாள்.

"இப்பதான் டியூட்டிக்குப் போறா."

"மூஞ்சி வாடிக் கிடக்கு. லீவு கொடுத்து அனுப்புங்க."

"நீங்களே கொடுங்க சிஸ்டர்" என்றாள் குருவி. அம்மா என்று கூப்பிட்டால் அவள் மிரண்டுபோகிறாள் என்று ஆறு மாதமாக மகளும் சிஸ்டர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டும் சாக்கில் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படிக்கட்டு வரை பின்னாலேயே போனேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி.

"என்னன்னு சொல்லிட்டாவது போ."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடியே சொன்னாள். "நாலாவது எலிப்பா. இருட்டு வரிசைல நாலாவது. வெளிச்சமே படாம தெளிஞ்சிருக்கு."

நான் இரண்டு படி இறங்கி அவள் பக்கத்தில் நின்றேன்.

"தண்ணித் தொட்டில நேரா மேடைக்குப் போயிருக்கு. மூளையைச் சீவிப் பார்த்தா கட்டி பாதிக்கு மேல காணோம். வெளிச்சம் இல்லாமலே சரியாகும்னா, வெளிச்சத்துக்கு என்ன வேலைன்னு மேற்பார்வைக் குழு கேட்கும். ஆராய்ச்சியை மூடிடுவாங்க."

"வேற காரணம் இருக்காதா?"

"ஒண்ணு இருக்கு. வெளிச்ச வரிசைல ரெண்டாவது எலி தெளியவே இல்ல. அந்த ரெண்டையும் நான் இடம் மாத்திப் பதிஞ்சிருக்கணும். காது வளையத்து நம்பரைத் தப்பாப் படிச்சிருக்கணும். மூணு மணிக்குக் குழு கூடுது. என் தப்புன்னு எழுதிக் கொடுத்துடப் போறேன்."

"நீ அப்படித் தப்பாப் படிக்கிறவ இல்லையே."

"எலி பொய் சொல்லாதுப்பா. அப்ப நான்தானே?"

படி இறங்கிப் போய்விட்டாள். அப்படி எழுதிக் கொடுத்தால் அவளுடைய ஆறு வருஷ வேலை போகும். அதற்குப் பிறகு அவள் எடுத்த எந்த அளவையும் யாரும் நம்பமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். நாலாவது எலி எப்படித் தெளிந்தது என்பதும் எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த எலிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு எலிகள். பன்னிரண்டுக்கும் மறதி நோய். பன்னிரண்டின் ரத்தத்திலும் ஒரே மருந்தை ஏற்றியிருந்தார்கள். மருந்து என்றால் துகள். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம் என்பாள் குருவி. நானோ துகள். சும்மா இருந்தால் அது தூங்கும். தோலையும் எலும்பையும் கடந்து போகும் ஒரு வகை வெளிச்சம் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. அது பட்டால் துகள் விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் கட்டியை உடைக்கும்.

ஆறு எலிகள் வெளிச்ச வரிசை, கூண்டில் வெள்ளை அட்டை. ஆறு இருட்டு வரிசை, கறுப்பு அட்டை. தினமும் மத்தியானம் ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, தலை விளக்குக்கு நேரே வருகிற மாதிரி பத்து நிமிஷம் வைக்க வேண்டும். வெள்ளை அட்டைக்கு விளக்கைப் போட வேண்டும். கறுப்பு அட்டைக்கும் அதே குழாய், அதே பத்து நிமிஷம், ஆனால் விளக்கைப் போடக் கூடாது. எது எந்த வரிசை என்ற பட்டியல் என்னிடமும், ஒட்டிய ஓர் உறைக்குள்ளும் மட்டும். சோதித்துப் பார்க்கும் குருவிக்குத் தெரியக் கூடாது, அதனால் அவள் எலி வீட்டுக்குள் வருவதில்லை. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அப்படி ஓர் ஏற்பாடு.

நாலாவது எலி இடது பக்கமாகவே சுற்றும். மரத்தூளில் வட்டமாக ஒரு தடம் விழுந்துவிடும். செக்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

சோதனை தொடங்கி இருபதாவது நாள் காலை, சிஸ்டர் படுக்கையறை மூலையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே முகத்தை வைத்து நின்றிருந்தாள். இரண்டு கையாலும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது.

"கதவை யாரு எடுத்துட்டுப் போனாங்க?" என்றாள். புடவை நனைந்திருந்தது. முப்பது படுக்கை வார்டை ஒரு பார்வையில் அடக்கியவள்.

அன்று மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துண்டோடு நின்றேன். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை இருக்கும். ஞாபகம் உள்ள எலி நேராகப் போய் அதில் ஏறிக்கொள்ளும். செக்கு சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நீந்தியது. மேடை அதற்குப் பின்னால் இருந்தது. நேரம் முடிந்ததும் குருவி வலையால் தூக்கி என் துண்டில் போட்டாள். சூடாக, நனைந்து, இதயம் அடித்துக்கொள்ளக் கிடந்தது.

அதைக் குழாய்க்குள் விட்டேன். விளக்கு அணைந்திருந்தது. பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிட்டு எடுக்க வேண்டியதுதான் என் வேலை. நான் பொத்தானை அழுத்தினேன். பச்சைப் புள்ளி எரிந்தது.

ஒரு நாள்தானே என்று நினைத்தேன். பதினோரு நாள் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சிஸ்டரிடம் மட்டும் சொல்வேன். "இன்னிக்கும் போட்டேன்." அவள் தலையாட்டுவாள். மறுநாள் அவளுக்கு அது இருக்காது. மனசில் உள்ளதை அப்படி ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு தனிமை என்பது அப்போது தெரியவில்லை. அவள் போன பிறகு, சொல்ல அவளும் இல்லாமல் ஆன பிறகுதான் தெரிந்தது.

பெரியம்மா வந்ததும் நான் வேலைக்குக் கிளம்பினேன். பெரியம்மா சிஸ்டரின் அக்கா. மகள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடுவேன். மூன்று தெரு தள்ளி வீடு. பகலில் வந்து தங்கையைப் பார்த்துக்கொள்வார்.

"என்ன மாப்பிள்ளை, முகம் எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க?"

பார்த்தேன். தையல் வெளியே தெரிந்தது.

எலி வீட்டில் பன்னிரண்டு கூண்டும் காலி. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீவிப் பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்துதான் கொடுத்தேன். கூண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவினேன். நாலாவது கூண்டின் மரத்தூளில் வட்டத் தடம் இல்லை. எல்லா இடத்திலும் கால் பட்டிருந்தது, மூலைகளில்கூட. அதைக் கொட்ட மனசு வராமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கொட்டினேன்.

பதினோரு மணிக்குச் சொல்லிவிடலாம் என்று மாடிக்குப் போய், குருவி போனில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். பன்னிரண்டரைக்குப் போனபோது கூட யாரோ இருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கழுவிய கூண்டுகளையே மறுபடி கழுவினேன். இரண்டு மணிக்கு அவள் தனியாக இருந்தாள்.

"வாங்கப்பா. பாருங்க."

திரையில் இரண்டு படம். ஒன்றில் ஈரச் சுவரில் பூசணம் பூத்த மாதிரி மஞ்சள் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. இன்னொன்றில் அங்கங்கே ஒன்றிரண்டு.

"இதுதான் நாலு" என்று சுத்தமானதைக் காட்டினாள். "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. வெளிச்ச வரிசைல இருக்க வேண்டியது."

கீபோர்டு பக்கத்தில் ஒரு தாள். அச்சடித்து எடுத்திருந்தாள். 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தது. பேனாவை மூடி திறந்து அதன்மேல் வைத்திருந்தாள்.

"அதுல கையெழுத்துப் போடாதே."

"ஏன்?"

"நாலுக்கு நான்தான் வெளிச்சம் போட்டேன்."

"எந்த நாலு?"

"செக்கு."

அவள் என்னையே பார்த்தாள். "கை தவறிப் பொத்தான்ல பட்டுடுச்சாப்பா?"

எனக்கு வழி காட்டினாள். அந்த வழியிலேயே போயிருக்கலாம்.

"இல்லம்மா. தெரிஞ்சுதான். பதினோரு நாள்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

"ஏன்?"

"சுத்திக்கிட்டே இருந்தது."

"எல்லாமே சுத்தும்பா. அந்த நோயே அதுதானே? மத்த அஞ்சும் என்ன, உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அதுக்கு மட்டும் ஏன்?"

"அன்னிக்குக் காலைல உங்கம்மா கதவைத் தேடினா."

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். பிறகு குரல் உயர்ந்தது. "இருட்டு வரிசை எதுக்குன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அந்த ஆறுக்கும் ஒண்ணும் கிடைக்காம இருந்தாதான் இந்த ஆறுக்குக் கிடைச்சது என்னன்னு தெரியும். சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"புரிஞ்சுதானே தலையாட்டினீங்க?"

"புரிஞ்சுது. தொட்டிலேர்ந்து எடுத்து அது என் கைல இருந்தப்ப..." முடிக்க வரவில்லை. வேறு ஒன்றைச் சொன்னேன். "இது வேலை செய்யுதான்னு என் கண்ணால பார்க்கணும்னு இருந்தது. இது முடிஞ்சா அடுத்து உங்கம்மாவுக்குத்தானே."

குருவி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பேனா மூடியைத் தேடி, எடுத்து, பேனாவை மூடினாள்.

"அப்பா. அம்மாவுக்கு இது வராது."

"இப்ப உடனே வராதுன்னு தெரியும்..."

"வராதுப்பா. எலியோட மண்டை ஓடு நகம் மாதிரி. மனுஷங்களோடது அப்படியில்ல. இந்த வெளிச்சம் அவ்வளவு ஆழம் போறதுக்கே இன்னும் வழி தெரியல. அந்தத் துகள் வருஷக்கணக்கா உடம்புல இருந்தா என்ன பண்ணும்னும் தெரியாது. பதினஞ்சு வருஷம் ஆகலாம், இருபது ஆகலாம். வராமலேகூடப் போகலாம்."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"முதல் நாள்லேர்ந்தே."

"சொல்லலையே."

"இங்க வேலைக்கு வந்த பிறகுதான் நீங்க ராத்திரில தூங்கவே ஆரம்பிச்சீங்க. எப்படிப்பா சொல்றது?"

பக்கத்து அறையில் ஏதோ ஒரு இயந்திரம் சுற்றி நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அது நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே பஸ்ஸில், ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறோம். அவள் எனக்காக ஒன்றை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்; நான் அவளிடம் ஒன்றை மறைத்துக்கொண்டு.

"புது எலிகள் பிறந்து, வயசாகி, நோய் முத்தறதுக்கு ஒன்பது மாசம்" என்றாள் கடைசியில். "முதல்லேர்ந்து. அதுவும் குழு விட்டாத்தான்." அந்தத் தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டாள். "வாங்க. மூணு மணிக்கு முன்னாடி சொல்லணும்."

டாக்டரம்மாதான் அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை. தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, இன்னொன்றைக் காணோம் என்று மேஜையைத் துழாவிக்கொண்டே இருப்பார். நான் சொல்லச் சொல்லத் துழாவுவது நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"எந்த நாள்ல ஆரம்பிச்சீங்க?"

"இருபதாவது நாள், டாக்டர்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"டிப்போவில முப்பது வருஷம் தேதி போட்டவன்."

"அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட இல்ல?"

"இல்ல."

அவர் குருவியைப் பார்த்தார். "மத்ததுக்கெல்லாம் முதல் நாள்லேர்ந்து கொடுத்தோம். இது அவ்வளவு முத்தின பிறகு ஆரம்பிச்சு, பதினோரு நாள்ல..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதை நான் எங்கயும் எழுத முடியாது. ஒரு எலியை வச்சுக்கிட்டு, அதுவும் இப்படி நடந்ததை வச்சுக்கிட்டு, வாயே திறக்கக் கூடாது. ஏன்தான் கேட்டேனோ."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நடந்ததை எழுதிக் கொடுங்க."

எழுதினேன். 'இரக்கப்பட்டு' என்று எழுதியிருந்த சொல்லை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். "இது வேண்டாம். ஏன் செஞ்சீங்கன்னு குழு கேட்கல. என்ன செஞ்சீங்கன்னு மட்டும் எழுதுங்க."

அடித்தேன். அடித்த பிறகு அது ரொம்பச் சின்ன விஷயமாக இருந்தது. நான்கு வரி.

எலி வீட்டுச் சாவியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார். "கோபத்துல வாங்கல. வச்சிருக்க முடியாது உங்களை. புரியுதில்ல?"

"புரியுது டாக்டர்."

குருவி வாசல் வரை வரவில்லை. மூன்று மணி ஆகியிருந்தது.

வீட்டுப் படியேறும்போது நாலரை. பெரியம்மா கதவைத் திறந்தார்.

"என்ன இது, எலிங்க உங்களுக்கு லீவு விட்டுடுச்சா?"

"ஒரேயடியா விட்டுடுச்சு."

சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக் கேட்டார். "எலிக்காக வேலையை விட்டவர்னு உங்களைத்தான் முதல்ல கேள்விப்படறேன். தெருவுல உள்ள பூனையெல்லாம் கூட்டம் போட்டுத் திட்டப் போகுது பாருங்க." சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அப்புறம் அவர் தன் பையை எடுத்து, உள்ளே இருந்த மருந்து டப்பாவையும் மாற்றுப் புடவையையும் சரிபார்த்தார். எல்லாமே ஏற்கனவே அதில் இருந்தது.

"இனிமே நீங்க வீட்டுலதானே மாப்பிள்ளை? அப்ப நான் பையன் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வரேன். எப்படிக் கேட்கறதுன்னு ஒரு மாசமா முழிச்சிட்டிருந்தேன்."

"போயிட்டு வாங்க பெரியம்மா. உங்களுக்கும் ஓய்வு வேணும்."

"ஓய்வுக்கில்ல." குரல் மாறியது. "நேத்து என்னைப் பார்த்து, ஆயா வேலைக்குப் புதுசான்னு கேட்டா. நகம் வெட்டியிருக்கான்னு கையைப் பிடிச்சுப் பார்த்தா. அவளை இடுப்புல தூக்கி வளர்த்த கை இது. நாளைக்கும் வந்து அதைக் காட்ட எனக்குத் தெம்பில்ல."

அவர் போகும்போது தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால், சரி போயிட்டு வாங்கம்மா என்றிருப்பாள்.

அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தபோது போன் அடித்தது. குருவி.

"டாக்டரம்மா நீங்க எழுதினதை அப்படியே வாசிச்சாங்கப்பா. ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

"குழு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அடுத்த திங்கள் சொல்றாங்களாம். மறுபடி பண்ண விடுவாங்களா, மூடுவாங்களான்னு."

"உன் பேருக்கு ஒண்ணும் வரலையே?"

"இல்ல. வளையமெல்லாம் சரியாத்தான் படிச்சிருக்கேன்னு ஆயிடுச்சு." பிறகு, "தேங்க்ஸ்னு சொல்ல வரமாட்டேங்குதுப்பா."

"வேண்டாம். எப்ப வர்றே?"

"கொஞ்ச நாள் இங்க ஹாஸ்டல்லயே இருக்கேன்."

"கோபமா?"

"கோபம் போயிடும். அது போற வரைக்கும்தான்." வைத்துவிட்டாள்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். சாயங்கால வெயில் மேஜை வரை வந்திருந்தது. சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடித்த துணிகளை ஒரு பக்கமாக நகர்த்தி மேஜையைச் சுத்தமாக வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"வாங்க, உட்காருங்க. வேலைக்கு வந்தவர்தானே?"

நான் உன் புருஷன் என்று சொல்லிப் பார்த்த நாட்கள் உண்டு. பயந்து குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வாள். உட்கார்ந்தேன்.

"ஆமாம் சிஸ்டர்."

"முன்னாடி எங்க இருந்தீங்க?"

"எலி வளர்க்கிற இடத்துல."

அதில் அவளுக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. "ஏன் விட்டீங்க?"

"ஒருத்தருக்கு வெளிச்சம் போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் போட்டுட்டேன்."

"டாக்டர் சொன்னாரா, போடக் கூடாதுன்னு?"

"ஆமா."

"அப்புறம் நீங்க எப்படிப் போடலாம்?" பழைய குரல். வார்டின் கடைசிப் படுக்கை வரை போகும் குரல். நான்கு வருஷத்தில் அதை நான் கேட்டதில்லை.

"கஷ்டப்பட்டுச்சு சிஸ்டர். பார்க்க முடியல."

"எல்லாரும்தான் கஷ்டப்படறாங்க. முப்பது படுக்கை இருக்கு. பாவமா இருக்குன்னு ஒருத்தர் பக்கத்துலயே நீங்க உட்கார்ந்துட்டா, மத்த இருபத்தொன்பது பேரை யாரு பார்க்கறது?"

மகள் கேட்டதும் அதேதான்.

"இங்க ஒருத்தர்தான் சிஸ்டர்" என்றேன்.

அவள் திரும்பி அறையைப் பார்த்தாள். சுவர், அலமாரி, ஜன்னல். எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள்.

"ஒருத்தர்தானா?"

"ஆமா."

"அப்ப உட்காரலாம்" என்றாள். குரல் இளகியிருந்தது. "ஒருத்தர்தான்னா பக்கத்துலயே உட்காரலாம். தப்பில்ல." பிறகு ஏதோ விட்டுப்போன கேள்வி ஞாபகம் வந்த மாதிரி, "நேரம் காலம் பார்க்க முடியாது இந்த வேலைல. வீட்டுல உங்களைத் தேட மாட்டாங்களே?"

"மாட்டாங்க சிஸ்டர். தேடறவங்க யாரும் இல்ல."

அவள் என் கையைக் கேட்டு வாங்கி, திருப்பி, நகங்களைப் பார்த்தாள். கூண்டு கழுவிக் கழுவி வெளுத்திருந்தன. திருப்தியாகத் தலையாட்டினாள். எழுந்து, என் முழங்கையைத் தொட்டு, வாசல் வரை என்னை நடத்திக்கொண்டு போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளாக என்னைத் தொட்டாள். அதனால் எங்கே போகிறோம் என்று கவனிக்காமல் கூடவே நடந்தேன்.

"காலைல ஏழு மணிக்கு வாங்க. சொல்றேன்."

கதவு சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. பூட்டுக்குத்தான் சாவி, தாழ்ப்பாளுக்கு ஏது? படிக்கட்டில் யாரும் இல்லை. பெரியம்மா பஸ் ஏறியிருப்பார். படிக்கட்டுப் பக்கம் திறந்த சமையலறை ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பை எரியவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் சிஸ்டர், வேலைக்கு வந்தவன். கொஞ்சம் திறங்க. அடுப்பு எரியுது."

கதவில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் அவளும் காதை வைத்திருக்க வேண்டும், மூச்சு கேட்டது.

"சத்தம் போடாதீங்க" என்றாள், குரலைத் தணித்து. "பேஷண்ட் இப்பதான் தூங்கறாங்க. காலைல வாங்க."